சங்கத்தில் சேராதவனின் வேலை

சுனாமிக்குப் பிறகு எங்கள் பிளைவுட் மில்லுக்கு மரம் வருவது நின்றது. பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப, தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் சங்கமும் முதலாளியும் ஒப்பந்தம் போட்டார்கள். அந்தப் பாதியில் நானும் ஒருவன். ஆனால் நான்தான் சங்கத்தில் சேராத மகாராஜா ஆச்சே! ஒப்பந்தம் என்னை என்ன செய்யும் என்று மறுநாளும் டிபன் டப்பாவோடு போனேன். வாட்ச்மேன், “பாயி, அந்தர் நஹி” என்று உள்ளே விடாமல் கேட்டை மறித்தார்.

நேரே டெலானிபூர் மேட்டிலிருந்த தொழிலாளர் துறை ஆபீசுக்கு ஏறி, அந்த அதிகாரியிடம் எகிறினேன்.

“அவங்க ரெண்டு பேரும் தனியா பேசிப் போட்டிருந்தா உங்களைக் கட்டுப்படுத்தாது. சமரசப் பேச்சுல என் முன்னாடி போட்டது மெம்பர் இல்லாதவங்களையும் கட்டுப்படுத்தும்” என்றார் அவர், டீயை உறிஞ்சியபடி.

வெளியே சங்கத் தலைவர் நின்றிருந்தார்.

“அண்ணே, என்னையும் சேர்த்துக்குங்க. உள்ளே இருந்தே உங்களைத் திட்டணும்.”

“முதல்ல எங்கேயாவது வேலையில சேருடா, அப்புறம் சங்கத்துல சேரலாம்” என்றார்.