மூன்றாவது ஆல்பமும் மூடிய சமையலறைக் கதவும்

மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒட்டாவாவிலிருந்து மாண்ட்ரியாலுக்கு ஒருநாள் பயணமாகப் போய்வந்தேன். அந்த மாதத்தில் மாண்ட்ரியாலுக்குச் சுற்றுலா போகிறேன் என்று யாராவது சொன்னால் உட்காரவைத்துப் பேசிப் புரியவையுங்கள். பனி உருகி, உருகியது மறுபடி உறைந்து, நடைபாதை முழுக்கக் கறுப்புச் சேறு. நான் போனது ஊர் பார்க்க அல்ல, ஒரு கச்சேரி கேட்க. இன்னும் நேர்மையாகச் சொன்னால், ஒரு சண்டையில் ஜெயிக்க.

சண்டை யோகன் அண்ணையுடன். மாண்ட்ரியாலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர், யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்தொன்பது வயது. டாக்யார்ட் ஃபைவ் என்ற பழைய ஆங்கில ப்ளூஸ் ராக் குழுவைப் பற்றி நான் இந்த வலைப்பதிவில் எழுதும்போதெல்லாம் கீழே வந்து மறுத்து எழுதுவார். அறுபதுகளின் கடைசி மூன்று வருடங்களில் மூன்றே ஆல்பம் போட்டுவிட்டுக் கலைந்துபோன குழு அது. முதல் ஆல்பம் சுத்தமான ப்ளூஸ். கிடார், மவுத் ஆர்கன், மூன்று நிமிடப் பாட்டு, கேட்டால் கால் தானாக ஆடும். இரண்டாவதில் சாக்ஸஃபோன்களைக் கூட்டிவந்து வேகத்தைக் குறைத்தார்கள். மூன்றாவதில் எலக்ட்ரிக் ஆர்கன் வந்தது, புல்லாங்குழல் வந்தது, மவுத் ஆர்கன்காரரைக் காணவில்லை. பாட்டு பதினேழு நிமிடம் ஆனது. போதாக்குறைக்கு நடுவில் தனியாக டிரம்ஸ். முதல் ஆல்பத்தோடு நிறுத்தியிருக்கலாம் என்பது என் கட்சி. மூன்றாவதுக்காகத்தான் முதல் இரண்டையும் போட்டார்கள் என்பது யோகன் அண்ணையின் கட்சி.

அவர் வெறுமனே எழுதுகிறவரும் இல்லை. டாக்யார்ட் ஃபைவின் பாட்டுகளை மட்டும் வாசிக்கும் 'டாக்யார்ட் கத்' என்ற உள்ளூர்க் குழுவின் டிரம்ஸ்காரர். கத் என்றால் பிரெஞ்சில் நாலு. நாலு பேர்தான் இருக்கிறார்கள், பொய் சொல்லவில்லை. மூன்று ஆல்பங்களிலிருந்தும் வரிசையாக வாசிக்கும் கச்சேரி மாண்ட்ரியாலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில். "தங்கச்சி, ஒருக்கா வந்து நேர கேளுங்கோ, பேந்து எழுதுங்கோ" என்று போனில் சொன்னார். பதினைந்து டாலர், யாழ்ப்பாணத்துப் பொரித்த ரோல்ஸும் தேநீரும் சேர்த்து. கிளம்பிவிட்டேன்.

ஒட்டாவாவிலிருந்து காலை ஒன்பது மணிப் பேருந்து. இருநூறு கிலோமீட்டர் தூரம், நாற்பது டாலர், பதினொன்றரைக்குள் இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்திலிருந்தே மெட்ரோவுக்கு இறங்கலாம், வெளியே தலைகாட்ட வேண்டாம். ஆரஞ்சுத் தடத்தில் ஜான் தலோன் வரை, அங்கே நீலத் தடத்துக்கு மாறி பார்க் நிலையம். மாறும்போது பலகையில் ஊர்ப்பெயரைத் தேடாதீர்கள், தடத்தின் கடைசி நிலையத்தின் பெயரைத்தான் போட்டிருப்பார்கள். நான் எதிர்த்திசையில் இரண்டு நிலையம் போய்த் திரும்பிவந்தேன்.

பார்க் நிலைய வாசலில், கூரையில் பயிற்சிப் பள்ளிப் பலகை வைத்த வெள்ளைக் காரோடு யோகன் அண்ணை நின்றார். எழுத்தில் இருக்கிற வீராப்பு ஆளிடம் இல்லை. ஒல்லியான மனிதர், முகம் வாடியிருந்தது. ஏறியதும் விருந்தாளிக்கு மரியாதையாக என் முதல் ஆல்பத்தைப் போட்டார். முதல் பாட்டுக்கே என் கால் தாளம் போட ஆரம்பித்தது. கார் நடுத்தெருவில் குலுங்கி நின்றது. பின்னால் வந்த பேருந்து ஹாரனை அழுத்தியது. மறுபடி கிளம்பினோம், மறுபடி நின்றது. பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. கனத்த பனிச் சப்பாத்துக்குள் இருந்த என் காலுக்கு அதை மிதிப்பது தெரியவே இல்லை.

"தங்கச்சி, உங்கட முதல் ஆல்பம் ஆக்களைக் கொல்லப் பாக்குது" என்று பாட்டை நிறுத்தினார்.

முகவாட்டத்தின் காரணம் வில்லரே பகுதிக்குப் போகும் வழியில் தெரிந்தது. குழுவின் கிடார்காரரும் பாடகருமான லூக்கின் வீடு அங்கேதான், அவரையும் அவருடைய ஆம்ப்ளிஃபயரையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். கடைசியாக வாசித்த இரண்டு மதுக்கடைகளிலும் டிரம்ஸ் தனி வந்ததும் கூட்டம் எழுந்து புகை பிடிக்கப் போய்விட்டதாம். திரும்பி வரவில்லையாம்.

"லூக் சொல்லிப்போட்டான். இண்டைக்கும் சனம் எழும்பினா மூண்டாவது ஆல்பத்தையே விட்டுடுவம், இனி முதல் ரெண்டு மட்டும் எண்டு. நாலு வருசமா மற்றாக்களுக்குப் பின்னால இருந்து டிக் டிக் எண்டு அடிக்கிறன். அந்த ஒன்பது நிமிசம்தான் என்ர. அதுக்காகத்தான் இந்தக் குழுவில சேந்தனான்."

ஆறுதல் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் நிற்காது. சென்னையில் மார்கழிக் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் வந்தால் சபாவில் என்ன நடக்கும் என்று விளக்கினேன். மிருதங்கக்காரர் தலையை நிமிர்த்துவதற்குள் பாதி அரங்கம் கேன்டீனில் இருக்கும், எங்கள் ஊரில் தனி என்றாலே காபிதான், நானே அப்படிக் குடித்து வளர்ந்தவள் என்றேன். யோகன் அண்ணையின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு சிவப்பு விளக்கைக் கவனிக்கவில்லை. நல்லவேளை, என் கால் பிரேக்கின் மேலேயே இருந்தது.

லூக் ஓய்வுபெற்ற இசை ஆசிரியர், சிரித்த முகம், தாடி. வீடு இரண்டாவது மாடி. இந்த ஊரில் மாடிப்படியை வீட்டுக்கு வெளியே, தெருவைப் பார்த்து, வளைத்து வளைத்துக் கட்டியிருப்பார்கள். பார்க்க அழகு. பனி உறைந்த நாளில் அதன் வழியாக ஒரு ஆம்ப்ளிஃபயரை மூன்று பேர் இறக்கிப் பாருங்கள், அழகெல்லாம் போய்விடும். நடுப்படியில் மூச்சு வாங்க நின்றபோது, இவ்வளவு சத்தம் முதல் ஆல்பத்துக்குத் தேவையே இல்லை என்று லூக் ஆங்கிலத்தில் சொன்னார். என் கட்சிக்காரர். ஆனால் எதிரே யோகன் அண்ணை பெட்டியின் அடிப்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு நின்றதால் நான் வாயைத் திறக்கவில்லை.

அங்கிருந்து பார்க் எக்ஸ் மண்டபம் இரண்டு கிலோமீட்டர். மண்டபத்தில் யோகன் அண்ணையின் மனைவி வசந்தி அக்கா நூற்றிருபது நாற்காலி போட்டு முடித்திருந்தார். டிக்கெட் விற்றதும் அவர்தான். சொந்தக்காரர்கள் பாதி, அண்ணையிடம் கார் பழகுகிறவர்கள் மீதி. ஓட்டுநர் தேர்வு நெருங்குகிற நேரத்தில் வாத்தியார் மனைவி டிக்கெட் நீட்டினால் யார் வேண்டாம் என்பார்கள்?

"எனக்கு இந்தப் பாட்டுகள் ஒண்டும் விளங்காது. ஆனா மனுசன் ரெண்டு கிழமையாச் சாப்பிடேல்லை" என்றார் அக்கா. நான் கேன்டீன் கதையை அவரிடமும் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "அப்ப ரோல்ஸ் மணக்கப்படாது. மூண்டாம் பகுதி முடியுமட்டும் குசினிக் கதவு பூட்டு. நீங்கள் வாசல்ல நில்லுங்கோ, ஒருத்தரையும் உள்ள விடாதேங்கோ." பீதியைக் கிளப்பியவள் நான், காவலும் எனக்கே வந்தது. நியாயம்தான்.

மூன்று மணிக்குத் தொடங்கினார்கள். முதல் பகுதியில் முதல் ஆல்பத்திலிருந்து ஐந்து பாட்டு. லூக் மவுத் ஆர்கனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசித்தார். இருபது வருடமாக ஹெட்ஃபோனில் கேட்டதை ஆள் உயரத்தில் கேட்டேன். கண் கலங்கியது, மறைக்க ஒன்றுமில்லை. மண்டபம் மட்டும் மரியாதையாக உட்கார்ந்திருந்தது. பாட்டு முடிந்ததும் கை தட்டினார்கள், நடுவில் கைபேசி பார்த்தார்கள். இரண்டாம் பகுதியில் சாக்ஸஃபோனுக்குப் பதிலாகக் கீபோர்டு வாசித்த பெண் கெட்டிக்காரி, ஆனால் மெதுவான பாட்டுகளில் பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கினார்கள். வெளிவாசல் கதவருகே நின்ற லூக்கின் நண்பர்கள் கோட்டை மாட்டத் தொடங்கியதைப் பார்த்தேன். யோகன் அண்ணையும் பார்த்தார்.

மூன்றாம் பகுதி தொடங்கியதும் சமையலறை வாசலுக்குப் போய்விட்டேன். கதவு மண்டபத்தின் பின்பக்கத்தில் இருந்தது. ஆர்கன் உறுமியது, கிடார் இரண்டு சுற்றுப் போனது, பிறகு எல்லோரும் நிறுத்தினார்கள். டிரம்ஸ் மட்டும். யோகன் அண்ணை தலையைக் குனிந்து மெதுவாக ஆரம்பித்தார்.

ஒரு நிமிடம் போயிருக்கும். நாற்காலிகள் தரையில் உராயும் சத்தம் கேட்டது. முதலில் இரண்டு, பிறகு பத்து, பிறகு மண்டபமே எழுந்தது. பாவம் மனிதர், ஒன்பது நிமிடம்கூட அவருக்குக் கொடுக்க மாட்டார்களா என்று கோபம் வந்தது. மூன்றாவது ஆல்பம் எனக்குப் பிடிக்காது என்பதே மறந்துவிட்டது. இரண்டு கையையும் விரித்துக் கதவை மறித்து நின்றேன்.

யாரும் வரவில்லை. எழுந்தவர்கள் நாற்காலியைக் கையில் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். மேடையை ஒட்டி, அதற்குப் பக்கவாட்டில், நடைவழியில் என்று இடம் கிடைத்த இடத்திலெல்லாம் போட்டு உட்கார்ந்தார்கள். தொடையில் தாளம் போட்டார்கள். தூங்கியவர்களில் ஒருவர் எழுந்து நின்று ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தலையை ஆட்டினார். வசந்தி அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னக்கா இது?" என்றேன்.

"தவில் எண்டா எங்கட சனம் கிட்டப் போய்த்தான் இருக்கும். தவில்காரர் தனிய அடிக்கிறதுக்கெண்டே கோயிலுக்கு வாற ஆக்கள்" என்றார், இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்ற குரலில்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"இது தவில் மாதிரி எண்டு எனக்கென்னெண்டு தெரியும்? நான் இண்டைக்குத்தானே கேக்கிறன்."

எங்களிடம் வந்த ஒரே ஆள் லூக். கிடார்காரர்கள் டிரம்ஸ் தனியின்போது மேடையை விட்டு இறங்கிவிடுவார்கள், இவர் தேநீர் தேடிப் பின்னால் வந்திருந்தார். ஒருத்தரையும் விடக்கூடாது என்பது உத்தரவு, விடவில்லை. என்ன நடக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். திரும்பிப் பாருங்கள் என்றேன். திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஒன்பதாவது நிமிடத்தில் கிடார் மறுபடி சேர வேண்டும். யோகன் அண்ணை தலையை நிமிர்த்தி லூக்கைத் தேடினார். லூக் எங்களோடு மண்டபத்தின் கடைசியில். ஓடினார், ஆனால் வழி முழுக்க நாற்காலி. "பார்தோன், பார்தோன்" என்று மன்னிப்புக் கேட்டபடியே முழங்கால்களைத் தாண்டினார், யாரும் அசையவில்லை. தாளம் போடுகிற கையை எப்படி விலக்குவது? வேறு வழியில்லாமல் யோகன் அண்ணை இன்னொரு சுற்றுத் தொடங்கினார். வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்து முன்வரிசை உருகிப்போனது. "இன்னொருக்கா அண்ணை" என்று ஒரு குரல். லூக் மேடைக்குப் போய்ச் சேர்ந்தபோது இருபதாவது நிமிடம். யோகன் அண்ணையின் சட்டை நனைந்திருந்தது, வாய் காதுவரை சிரித்தது. கதவருகே கோட்டை மாட்டிய நண்பர்கள் கோட்டோடு நின்று கேட்டார்கள்.

ரோல்ஸ் பத்து நிமிடத்தில் தீர்ந்தது. லூக் ஒரு தட்டோடு எங்களிடம் வந்தார். மூன்றாவது ஆல்பம் இருக்கும், தனி இருக்கும், ஒன்பது அல்ல இருபது நிமிடம் என்றார். யோகன் அண்ணை லூக்கின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் மண்டபத்தை ஆறு மணிக்குக் காலி செய்தாக வேண்டும், அதனால் வேறெங்காவது இரண்டு பாட்டைக் குறைக்க வேண்டும் என்றார் லூக். இரண்டாம் பகுதியில் கைவைத்தால் கீபோர்டுப் பெண்ணுக்குப் பாதி வேலை போய்விடும்.

யோகன் அண்ணை என்னைப் பார்த்தார். "அதைத் தங்கச்சியிட்டைக் கேளுங்கோ. முதலாவது ஆல்பம் அவவின்ர."

பழிவாங்குகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையாகத்தான் கேட்டார். ஐந்து பாட்டும் எனக்குப் பிள்ளைகள் போல. நான்காவதையும் ஐந்தாவதையும் சொன்னேன். "ஓம், நல்லது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு யோகன் அண்ணை தன் தட்டில் இருந்த கடைசி ரோலை என் தட்டில் வைத்தார்.

பேருந்து நிலையத்துக்குத் திரும்பும்போது, இருபது நிமிடம் அடித்த கை சோர்ந்துவிட்டது என்று அவர் சொன்னதால் நான்தான் காரை ஓட்டினேன். ஒவ்வொரு ஸ்டாப் பலகைக்கும் நான் மிதிக்கும் முன்னே அவர் மிதித்தார். ஏழரைப் பேருந்தை மயிரிழையில் பிடித்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இதே மண்டபத்தில் மே மாதம் மறுபடி வாசிக்கிறார்கள், சேறு இருக்காது. பார்க் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். கடைகளில் "போன்ஜூர்" சொல்லிவிட்டுத் தமிழில் பேசினாலும் காரியம் நடக்கும். ரோல்ஸைக் கச்சேரி முடிந்த உடனேயே வாங்கிவிடுங்கள். நல்ல இடத்துக்காக முன்கூட்டியே போய் முண்டியடிக்க வேண்டாம், டிரம்ஸ் ஆரம்பித்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மற்றவர்களோடு போனால் போதும். மவுத் ஆர்கன் கேட்க ஆசைப்படுகிறவர்கள் மட்டும் தாமதிக்காதீர்கள், மூன்று பாட்டுதான் இனி.

முதல் ஆல்பம்தான் சிறந்தது என்ற என் கருத்தில் மாற்றமில்லை. எனக்குப் பிடித்த இரண்டு பாட்டு இல்லாத அந்த மே மாதக் கச்சேரிக்கு நான் டிக்கெட் வாங்கிவிட்டேன்.