மகள் வைத்த வேண்டுதல்

ஃப்ளோரன்ஸின் நாள் மாலை ஏழரை மணிக்குத்தான் தொடங்கும். அதை அவள் கணவர் சவரிநாதனே ஒப்புக்கொள்வார். விடியற்காலையில் காசிமேட்டுக்கு இறால் உரிக்கப் போவாள். ஐஸில் ஊறி வெளுத்த விரல்களோடு மதியம் ராயபுரத்துக்குத் திரும்பி, சமைப்பாள், துவைப்பாள், தண்ணீர் பிடித்து வைப்பாள். எல்லாம் ஏழரை மணியை வரவழைப்பதற்காகச் செய்கிற வேலைகள். ஏழரைக்கு சில்வியா கூப்பிடுவாள்.

சில்வியா ஒரே மகள், இருபத்தொரு வயது. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் படிப்பு ஒன்றை முடித்ததும், மாதா கோயிலில் சிஸ்டர்கள் கேட்டார்கள் என்று தான்சானியாவுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு பெரிய ஏரிக்கரையில் அவர்கள் நடத்தும் குழந்தைகள் இல்லத்தில் ஒரு வருடத் தொண்டு. சாப்பாடும் படுக்க இடமும் உண்டு, சம்பளம் கிடையாது.

"சம்பளம் இல்லாத வேலைக்கு ஃப்ளைட் ஏறிப் போறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்டி" என்று விமான நிலைய வாசலில் நின்றுகூடத் திட்டினாள் ஃப்ளோரன்ஸ்.

இப்போது அந்த இல்லத்தின் ஒவ்வொரு மணி நேரமும் அவளுக்குத் தெரியும். காலை ஐந்துக்கு மணி அடிக்கும். நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் சோளக் கஞ்சி. பள்ளிக்கூடம் போகிறவர்களை அனுப்பிவிட்டு, படுக்கையை நனைத்தவர்களின் விரிப்புகளைக் கையால் துவைத்து வேலியில் போட வேண்டும். மதியம் களியும் ஏரியில் பிடித்த பொடிமீன் கருவாடும். சாயங்காலம் சின்னப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துக் குளிப்பாட்டி, தலை துவட்டி, சட்டை மாட்டி விட்டால்தான் சில்வியாவுக்குப் போன் எடுக்க நேரம். அங்கே அப்போது மணி ஐந்து.

"இங்க ஒரு டம்ளர் கழுவ மாட்ட. அங்க நாப்பது புள்ளைங்களுக்குத் தொவைக்கிறியா?"

"அதுங்களுக்கு யாரும்மா கீறாங்க?"

"எனக்கு யாருடி கீறா?"

"அதான் நான் ஒருத்தன் கீறேனே" என்று சவரிநாதன் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். அவரை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

டிசம்பர் பத்தாம் தேதி சில்வியா திரும்ப வேண்டும். கட்டிலில் மகள் படுக்கும் பக்கத்தில் ஃப்ளோரன்ஸ் ஒரு துணியைக்கூட வைப்பதில்லை. சவரிநாதன் மறந்துபோய் அங்கே லுங்கியைப் போட்டால் சண்டை.

நவம்பரில் மூன்று நாள் போன் வரவில்லை. நான்காம் நாள் வந்தபோது சில்வியாவின் கண்கள் வீங்கியிருந்தன. நீமா என்கிற நான்கு வயதுக் குழந்தைக்கு மலேரியா. மூன்று ராத்திரியும் மடியிலேயே வைத்திருந்தாளாம். இப்போது காய்ச்சல் இறங்கிவிட்டது.

"வேளாங்கண்ணி மாதாகிட்ட வேண்டிகினேம்மா. புள்ள பொழச்சா இந்த வருஷம் முடியறதுக்குள்ள வந்து மொட்ட போடறேன்னு."

"முடி குடுக்கறதா? கல்யாணம் ஆவ வேண்டிய பொண்ணு!"

"அதில்லம்மா." சில்வியா குரலைத் தாழ்த்தினாள். "இங்க இல்லத்தப் பாத்துக்கற மதர் இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்க. எனக்கும் ஆசைதான். நீமா என்னை விட்டு நகர மாட்டேங்குது. ஆனா நேர்ச்சை கீதே, வந்துதான ஆவணும்? வந்தா மறுபடி ஃப்ளைட்டுக்குக் காசுக்கு எங்க போறது? ஞாயித்துக்கிழமைக்குள்ள மதர்கிட்ட பதில் சொல்லணும்."

ஃப்ளோரன்ஸுக்கு மாதாவே பிள்ளையைப் பிடித்து வீட்டுக்கு அனுப்புகிறாள் என்று தோன்றியது.

"வந்துதான் ஆவணும்" என்றாள். "மாதாகிட்ட வெளயாடக் கூடாது."

சொன்னது பொய். வேண்டிக்கொண்டவரால் முடியாவிட்டால் பெற்றவள் தன் முடியைக் கொடுக்கலாம் என்பது அவர்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எதிர்வீட்டு பிராங்கிளின் கப்பல் வேலையில் இருந்தபோது அவனுக்காக அவன் அம்மாதான் மொட்டை போட்டுக்கொண்டாள். சில்வியா அப்போது சின்னப் பெண், நினைவிருக்காது.

மறுநாள் இறால் கூடையின் முன்னால் கூட உரிக்கும் பச்சையம்மாவிடம், மகள் மொட்டை போட வரப்போவதைச் சொன்னாள். பச்சையம்மா நிமிராமலே கேட்டாள்.

"ஏன், பெத்தவ குடுத்தா ஆவாதா? எங்க ஆத்தா ஒத்துக்கும். உங்க மாதா இன்னா அவ்ளோ கண்டிசனா?"

"ஒத்துக்கும்."

"அப்பறம் இன்னா?"

"அப்பறம் எம் பொண்ணு வரமாட்டா."

பச்சையம்மா தன் பக்கத்து ஐஸில் கொஞ்சம் அள்ளி ஃப்ளோரன்ஸின் கூடையில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை ஏழரைக்கு சில்வியா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். "நாளன்னைக்கு மதர்கிட்ட கெளம்பறேன்னு சொல்லிடுவேன்ம்மா. இங்க ஒரு கூத்தைப் பாரு" என்று போனைத் திருப்பினாள். திறந்த பெட்டிக்குள் ஒரு குழந்தை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. காய்ச்சலில் கழுத்து மெலிந்து, கண்கள் மட்டும் பெரிதாக இருந்தன. "ரெண்டு மணி நேரமா எறங்க மாட்டேங்குது" என்று சில்வியா சிரித்தாள். சிரிப்பு நீண்டுகொண்டே போனது. ஃப்ளோரன்ஸ் அந்தச் சிரிப்பைப் பெற்றவள். அது எதை மறைக்க என்று அவளுக்கா தெரியாது?

சனிக்கிழமை சாயங்காலம் ஃப்ளோரன்ஸ் பையில் ஒரு சேலையை வைத்தாள்.

"வேளாங்கண்ணி போறேன்."

"யாருக்கு இன்னா ஆச்சு?" சவரிநாதன் பதறினார். "நானும் வரேன்."

"நீ வேலைக்குப் போ. நான் போய்ட்டு வந்துடறேன்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பஸ் ஏற்றிவிட வந்தார். வழியில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார்.

ஞாயிறு பூசை முடிந்து மொட்டை போடும் இடத்தில் அவள் உட்கார்ந்தாள். ஈரக் கையால் தலையை அழுத்திக் குனியவைத்தவர், "யாருக்கும்மா வேண்டுதல்?" என்று கேட்டார்.

"ஒரு கொழந்தைக்கு."

"பேரப்புள்ளயா?"

அவள் நிமிர்வதற்குள் முதல் கற்றை மடியில் விழுந்தது.

குளித்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, கடற்கரை மணலில் நின்று அவளே கூப்பிட்டாள். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். பின்னால் தட்டுகளின் சத்தம். சில்வியா திரையைப் பார்த்தாள்.

"இன்னா பாக்கற? பெத்தவ குடுத்தாலும் சேரும். அன்னைக்கு நான்தான் சொல்லல. இப்ப மதர்கிட்ட போய்ச் சொல்லு, இருக்கறேன்னு."

"ம்மா..."

"அழாத, சார்ஜ் கம்மியா கீது. திரும்பு கொஞ்சம். உன் முடியப் பாக்கணும்."

சில்வியா கண்ணைத் துடைத்துக்கொண்டு முதுகைக் காட்டினாள். இடுப்பு வரை இருந்த முடியை யாரோ இருபது முப்பது மெல்லிய பின்னல்களாகப் போட்டு, நுனியில் கலர் கலராக நூல் கட்டியிருந்தார்கள்.

"எவடி அது, உன் தலைய எலிவால் மாதிரி ஆக்கி வெச்சது?"

"இங்க எல்லாப் பொண்ணுங்களும் சேந்து."

"நல்லாத்தான் கீது" என்றாள் ஃப்ளோரன்ஸ். "திரும்பாத. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நில்லு."

சில்வியா நின்றாள். தட்டுச் சத்தம் ஓய்ந்து, அங்கே மணி அடித்து, பிள்ளைகள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கும் வரை அப்படியே நின்றாள்.