சிவப்பாய்த் தெரிந்த நிலம்

“தண்ணி செவந்தா மீனு சாவும். நெலம் செவந்தா இன்னாடா ஆவும்?” என்று நீலமேகம் மாமா என்னிடம் கேட்டார்.

சுண்ணாம்புக்குளத்து மீனவரான அவருக்கு உப்புப் படிந்த விளைநிலம் இரண்டு ஏக்கர் இருந்தது. மடக்கி உழுது மண்ணைத் தேற்ற, அவர் மனைவி தேவகி அத்தை அதில் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை விதைத்திருந்தார். விவசாய அலுவலகத்துச் செயற்கைக்கோள் படத்தில் சுற்றிலும் வெள்ளையாயிருக்க, அந்த நிலம் மட்டும் சிவந்திருந்தது. தக்கைப்பூண்டுதான் நிலத்தைக் கெடுத்ததென்று மாமா அத்தனையையும் பிடுங்கி எறிந்தார்.

மறுநாள் வந்த அதிகாரி, “வெள்ளைதான் உப்பு. இந்தப் படத்துல பச்சைச் செடி சிவப்பாத் தெரியும்,” என்றார்.

“யோவ், வலையோட நில்லு, நெலத்துல கைய வெக்காதேனு சொன்னேனே,” என்றார் அத்தை.

மாமா தலை நிமிரவில்லை. “என் பேரைப் போட்டே இத எழுதுடா. இன்னொருத்தன் செடியப் புடுங்கக் கூடாது,” என்றார் என்னிடம்.

எழுதிவிட்டேன். அந்த மாதிரிப் படத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு, சிவப்பென்றால் பச்சைச் செடி என்று நீங்களும் சொல்லுங்கள்.