ஞாயிறு மாலை வரமாட்டேன் என்ற மல்லிகா

இரண்டு வாரம் முன்பு, வெள்ளிக்கிழமை காலை, எங்கள் கம்பெனி பஸ் ஆரணியில் மல்லிகா ஏறும் இடத்தில் நிற்காமல் போனது. ஏன் என்று கேட்டேன். ஓட்டுநர் திரும்பாமலே சொன்னார்: "விடிகாலையில நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள போயிட்டாங்கம்மா."

செய்யார் காலணிக் கம்பெனியின் தையல் பிரிவில் பதினோரு வருஷம் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மிஷின். அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்குப் பிற்கால மல்லிகாவைத்தான் தெரியும். ஆரம்பத்தில் அவர் வேறு ஆள். யார் லீவு போட்டாலும் அந்த ஷிப்டையும் சேர்த்துப் பார்ப்பார். கணவர் விசைத்தறி ஓட்டுபவர்; ஒரே மகள். ஒருநாள் அந்தப் பெண் பள்ளியில் மயங்கி விழுந்தாள். அவசரத்துக்கு அழைக்க அவள் எழுதிக் கொடுத்திருந்தது பக்கத்து வீட்டு அக்காவின் எண்.

"ஏன்டி என் நம்பரக் குடுக்கல?"

"நீ எப்பம்மா எடுத்திருக்கே?"

இதை என்னிடம் சொன்னபோது மல்லிகா அழவில்லை. "வீட்டுக்காகத்தான் ஓடிகினு இருக்கேன்னு நெனச்சேன். அந்த வீட்ல நான் இல்லவே இல்ல" என்றார். மறுநாளே கூடுதல் ஷிப்டை நிறுத்தினார்.

அதோடு விடவில்லை. பள்ளி நாட்களில் ஆடிய எறிபந்தை, நாற்பது வயதில், ஞாயிறு மாலைகளில் மறுபடி ஆட ஆரம்பித்தார். முதல் திங்கட்கிழமை முட்டியில் கட்டோடு வந்தார். எல்லோரும் சிரித்தோம். "எனக்குன்னு ஒண்ணு வேணும். இல்லாட்டி எல்லார் மேலயும் எரிஞ்சு விழறேன்" என்றார்.

ஒருமுறை மேலாளர் கூப்பிட்டு, சூப்பர்வைசர் ஆக்குவதாகவும் ஞாயிறும் வர வேண்டும் என்றும் சொன்னார். "வேலைய நல்லா பார்ப்பேன் சார். ஞாயிறு சாயங்காலம் மட்டும் வரமாட்டேன்." பதவி வேறொருவருக்குப் போயிற்று. "பைத்தியமா நீ?" என்று திட்டினேன். "வருத்தமாத்தான் இருக்குது. அதுக்காக மாத்திக்க மாட்டேன்" என்றார். அந்தப் பதவி கடைசிவரை அவருக்கு வரவில்லை.

கணவரின் கை முறிந்தபோது நான்கு மாதம் மைதானத்துப் பக்கமே போகவில்லை. பேஜாராக இல்லையா என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் சமமா வெட்டிக் குடுக்க நேரம் இன்னா பொறந்த நாள் கேக்கா? இப்ப அவருக்கு நான் வேணும். அப்புறம் போவேன்." ஐந்தாவது மாதம் போனார்.

போன வாரம் என்னைக் கூடுதல் ஷிப்டுக்குக் கேட்டார்கள். "முடியாது சார்" என்றேன். காரணம் சொல்லவில்லை. குரல் நடுங்காமல் அதைச் சொல்லும் துணிவு, மல்லிகாவிடமிருந்து எனக்கு வந்தது. அதை இனி விடமாட்டேன்.

அன்று தேவிகாபுரத்துக்கு பஸ் ஏறினேன். தங்கையைப் பார்த்து இரண்டு வருஷமாகியிருந்தது. கதவைத் திறந்ததும் பதறினாள்: "யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. உன்னப் பாக்கத்தான் வந்தேன்."