ஏறிய கோடு இறங்க வேண்டும்

படத்தைத் திறக்கிறார். மூடுகிறார். மறுபடி திறக்கிறார், மூடுகிறார். கண் மட்டும் பக்கத்துத் திரையில் ஊர்ந்துகொண்டிருக்கும் நீலக்கோட்டின் மேல். படம் திறந்தால் கோடு ஏறும். மூடினால் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் உதட்டைச் சுழித்துத் திரையையே விசாரிப்பார்: "யாருடா அங்க பிடிச்சு வெச்சிருக்கறது?" அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் மெமரி அக்கா.

பல் மருத்துவர்கள் எக்ஸ்ரே பார்க்க அந்த அலுவலகம் தயாரிக்கும் மென்பொருள் அது. திறக்கும் ஒவ்வொரு படத்துக்கும் கணினியின் நினைவகத்தில் இடம் கேட்டு வாங்கும். மூடியதும் திருப்பித் தர வேண்டும். எவ்வளவு இடம் கையில் வைத்திருக்கிறது என்பதைத்தான் நீலக்கோடு காட்டும். தராவிட்டால் இடம் துளித்துளியாக ஒழுகி, கணினி மூச்சுத் திணறி நின்றுவிடும். ஒழுகலைப் பிடிப்பதுதான் அக்காவின் வேலை. வீட்டிலும் அதே பேச்சுதான். கத்தரிக்கோல் இடம் மாறினால் விசாரணைக் கமிஷன் உட்காரும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கணவர் கேட்பார், "இன்னிக்கு எவ்வளவு ஒழுகுச்சு?"

பெருமைக்கும் குறைச்சல் இல்லை. வேறு யாராவது ஒரு ஒழுகலைக் கண்டுபிடித்துவிட்டால், "தெரியும், உனக்குன்னுதான் விட்டு வெச்சேன்" என்பார்.

மென்பொருளின் புதிய பதிப்பு வெளியே போன பிறகு ஒரு பெரிய பல் மருத்துவமனையிலிருந்து புகார் வந்தது. மத்தியானமானால் கணினி உறைந்துபோகிறது. நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருக்கிறார். இந்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் மென்பொருளையே தூக்கிவிடுவார்களாம்.

"மத்தியானம் ஒரு தடவை சாஃப்ட்வேரை மூடித் திறக்கச் சொல்லிடலாம்கா" என்றான் டீம் லீடர்.

அக்காவின் நாற்காலி முழுதாகத் திரும்பியது. "டாக்டர் உன் பல்லைப் பாதி பிடுங்கிட்டு, எழுந்து வெளிய போயிட்டு வாங்கன்னா போவியா? வெள்ளிக்கிழமை வரைக்கும் விடு. கிடைக்கலன்னா நானே போன் பண்ணி, எனக்குத் தெரியலன்னு சொல்றேன்."

அந்த 'தெரியல' என்ற சொல் அவர் வாயில் அதுவரை வந்ததே இல்லை.

முதல் சந்தேகம், படத்தைப் பெரிதாக்கும் பகுதியை எழுதிய தாடிக்காரர் மேல். இரண்டு நாள் அவரைக் குடைந்து எடுத்தார். அவர் பக்கம் சுத்தம். பிறகு நினைவகத்தின் நிலையை முன்னும் பின்னும் பதிவு செய்து ஒப்பிட்டார். மூடிய பிறகும் போகாமல் தங்கியிருந்த படங்களை எது பிடித்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடினார். எல்லாம் ஒரே இடத்தில் போய் நின்றன. ஒழுகலைக் கண்காணிக்க என்று புதிய பதிப்பில் அவரே எழுதிச் சேர்த்திருந்த காவலாளி நிரல். எந்தப் படம் வந்தது, எது போனது என்று பார்க்கப் போட்ட ஆள், ஒரு படத்தையும் வெளியே விடாமல் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது.

சத்தமில்லாமல் இரண்டு வரி மாற்றினால் போதும், யாருக்கும் தெரிந்திருக்காது. விசைப்பலகை வரைக்கும் போன கையை எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்து குரல் கொடுத்தார்.

"எல்லாரும் வாங்க. திருடன் கிடைச்சாச்சு."

"யாருக்கா?"

"நான்தான். என் காவல்காரன்."

தாடிக்காரர் கையைக் கட்டிக்கொண்டார். "ரெண்டு நாளா என்னை வறுத்தெடுத்தீங்களேக்கா."

"வறுத்ததாலதான் நீ சுத்தம்னு தெரிஞ்சுது. சர்டிஃபிகேட்னு வெச்சுக்கோ."

"கஸ்டமருக்கு என்ன சொல்றது?" என்று டீம் லீடர் இழுத்தான்.

"எங்க தப்பு, சரி பண்ணிட்டோம்னு சொல்லு. சுத்தி வளைக்காத."

காவலாளி இனிப் பார்க்கலாம், பிடிக்கக் கூடாது என்று நிரலை மாற்றினார். திருத்திய பதிப்பு அன்றே மருத்துவமனைக்குப் போனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கிருந்து வரவேற்பாளர் அழைத்தார். "காலையிலேருந்து ஒரு தடவைகூட நிக்கல மேடம். இப்பவும் ஓடிட்டிருக்கு."

"ஓடத்தானே செய்யும்" என்று போனை வைத்தார் அக்கா.

திரையில் நீலக்கோடு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ரம்பப் பல் போல ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் பைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா எழுந்தார். திரையின் இரு ஓரங்களையும் பிடித்து, எல்லோரும் நடந்து போகும் வழியைப் பார்க்கும்படி அதைத் திருப்பி வைத்தார்.