'டாக்டரம்மா' என்றபோது நான் மறுக்கவில்லை

சில வருடங்களுக்கு முன், காஞ்சிபுரம் பேருந்து நிலையம் அருகே ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் ஆலோசகராக இருந்தேன். சமூகப்பணியில் முதுகலை முடித்த கையோடு கிடைத்த வேலை. மனநலப் பிரிவில் பணியாற்றத் தேவையான எம்.ஃபில். பயிற்சியோ பதிவோ என்னிடம் இல்லை. வருகிறவர்கள் "டாக்டரம்மா" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

டாக்டர் விடுப்பில் இருந்த ஒருநாள், எங்களிடம் சிகிச்சையில் இருந்த ஷேர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மனைவி வந்தார். "காலைல மாத்திர போட்டா, வண்டி ஓட்டிக்கினு இருக்கும்போதே கண்ணு சொக்குதாம் டாக்டரம்மா. அத மட்டும் நிறுத்திக்கவா?" என்றார். தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "சரி, காலைல மட்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் அந்த அம்மாவிடமிருந்து போன். "விடிகாலைல போனவரு இன்னும் வரலமா. ஆட்டோ தாமல் ஏரிக்கரையில நிக்குதாம்."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. ஆட்டோவில் சாவி தொங்கியது, சீட்டில் அவருடைய செல்போன் கிடந்தது. அங்கே நின்ற நாலைந்து பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா அழவில்லை. என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு கரையோரமாக நடந்தார். தண்ணீரில் கறுப்பாக எது தெரிந்தாலும் நின்று உற்றுப் பார்த்தேன்.

மதியம், மதகுக்கு அப்பால் ஒரு புதருக்குள் அவரைக் கண்டுபிடித்தார்கள். யாரோ துரத்துவதாகச் சொல்லி நடுங்கிக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தார்.

மருத்துவமனையில் டாக்டர், "மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னது?" என்றார். அந்த அம்மா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "நானாத்தான் நிறுத்திட்டேன் சார்" என்றார்.

ஏரிக்கரையில் பயந்ததைவிட அந்த நிமிடத்தில்தான் அதிகம் பயந்தேன். வாயை மூடிக்கொண்டால் தப்பித்துவிடலாம். "நான்தான் சார் சொன்னேன்" என்றேன். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, "நான் டாக்டர் இல்லம்மா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அப்ப நீ யாருமா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வேலை போனது. பிறகு எம்.ஃபில். முடித்து, பதிவும் பெற்றேன். மருந்தை மாற்றும் உரிமையை அதுவும் எனக்குத் தரவில்லை. இன்றும் புதிதாக ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தால் உள்ளே ஒரு பயம் எழுகிறது. நான் யார், என் படிப்பு எதுவரை என்று முதலில் சொல்ல வைக்கும் அந்தப் பயம், நான் இந்த வேலையில் இருக்கும்வரை போகக் கூடாது.