அப்பா முதலில் கையைத்தான் பார்ப்பார்

யாரைக் கண்டாலும் எங்கள் அப்பாவின் கண் முதலில் போவது அவர்களுடைய கைக்குத்தான். பாரிசின் லா சப்பலில் அண்ணாவின் மரக்கறிக் கடை மூலையில் கதிரை போட்டு, வீட்டுக் கறிக்கு வாழைப்பூ ஆய்ந்தபடி இருப்பார். காசு கொடுக்க ஒரு கை நீண்டால் போதும், சும்மா இருக்கமாட்டார்.

"தம்பி, நீர் றெஸ்ரோறண்டிலை கோப்பை கழுவுறீர் போலை?"

"ஓம் ஐயா! ஆர் சொன்னது?"

"உம்மடை விரலிடுக்குத்தான். தோல் வெளுத்துப்போச்சு. கையுறை போட்டுக் கழுவும். இஞ்சத்தை டொக்டர் ஒராளிட்டைக் காட்டும். நான் இஞ்சை டொக்டர் இல்லை."

அண்ணாவுக்கு இது பெரிய தலையிடி. "அப்பா, சனம் மரக்கறி வாங்க வருது, வருத்தம் காட்ட வரேல்லை" என்று புறுபுறுப்பார். ஆனால் ஒருநாள் அந்தக் கதிரை வெறுமையாக இருந்தால், வருகிறவர்கள் எல்லாரும் "ஐயா எங்கை?" என்றுதான் கேட்பார்கள்.

அப்பா பிறந்தது யாழ்ப்பாணத்தில், வெள்ளைக்காரன் காலத்தில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, தாய்மாமன் தயவில் படித்து, கொழும்பில் மருத்துவரானார். அங்கேயே மாணவர்களுக்கு உடற்கூறு கற்பித்தார். ஊருக்குத் திரும்பிய பின்னர் தாதியருக்கும் மருத்துவிச்சிகளுக்கும் வகுப்பெடுத்தார். அம்மா கண்மூடிய பின், போர் முடிந்த அடுத்த வருடம், அவரைப் பாரிசுக்கு அழைத்துக்கொண்டோம். தொண்ணூறை நெருங்கிய மனிதர், புறநகர் திரான்சியில் என் வீட்டுக்கு வந்த அன்றே, லிஃப்ட் ஏன் இடைநடுவில் நிற்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து விசாரித்துக்கொண்டு நின்றார். எதையும் துருவி அறியும் அப்படியொரு விடுப்பு!

கை பார்க்கும் பழக்கம் எப்படி வந்தது என்று ஒருநாள் கேட்டேன். கொழும்பில் அறுத்துப் படிக்கும் அறைக்கு வந்ததெல்லாம் உரிமை கோர ஆளில்லாத ஏழைகளின் உடல்களாம். கத்தியைத் தொடுமுன், "இந்தக் கை என்ன வேலை செய்தது, சொல்லுங்கோ" என்று மாணவர்களைக் கேட்பாராம். மூட்டை தூக்கியவரா, வலை இழுத்தவரா, தையற்காரரா? யாராவது ஒரு பதில் சொல்லும்வரை வகுப்புத் தொடங்காதாம். நேரம் வீணாகிறது என்று வெள்ளைக்காரப் பேராசிரியர் கடிந்தும் அவர் விடவில்லை.

இதைச் சொல்லி முடித்தார். பிறகு, "அந்த மனிசரிட்டை ஒருத்தரும் சம்மதம் கேக்கேல்லை, பிள்ளை. நான் சம்மதத்தோடை குடுக்கப் போறன். என்ரை உடம்பை இஞ்சத்தைப் பிள்ளையள் படிக்கட்டும்" என்றார்.

அண்ணா கொதித்துப்போனார். "கொள்ளி வைக்க நான் ஒருத்தன் இருக்கிறன். சாம்பலும் இல்லாமல் சனத்துக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்று கத்தினார். பல வாரங்கள் அப்பாவுடன் முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. அப்பாவோ சிரித்தார். "எனக்கு உள்ளுக்குள்ளை என்ன பழுது எண்டு எனக்கே வடிவாத் தெரியாது. அவங்களெண்டாலும் பாத்து அறியட்டுமன்" என்றார். தன் சாவிலும் விடுப்பு! இந்நாட்டுச் சட்டப்படி சம்மதத்தைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

சென்ற மாதம் ஒரு காலை கடைக்குப் போனவர், மத்தியானம் கதிரையிலேயே சாய்ந்தார். அன்று மாலை ஆஸ்பத்திரியில் அவர் பிரிந்தார். உடல் பழுதாகுமுன் மருத்துவக் கல்லூரிக்கு அறிவிக்கவேண்டும். அண்ணா தொலைபேசியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார். கொள்ளி வைக்கவேண்டியவர் அவர்; அவர் பேசாவிட்டால் அப்பாவின் ஆசை அதோடு போயிற்று.

அண்ணா அப்பாவின் வலக்கையை எடுத்து விரித்துப் பார்த்தார்.

"பாரடி, வாழைப்பூக் கறை. அந்தப் பிள்ளையள் இவரை மரக்கறிக்காரர் எண்டெல்லோ நினைக்கப் போகுதுகள்" என்று விம்மினார். அழுதபடியே எண்களை அழுத்தினார்.

இன்று சாம்பல் இல்லாமலே, ஐயர் தர்ப்பையை வைத்து முப்பத்தோராம் நாள் கிரியையை நடத்தித் தந்தார். அவருக்கும், அடுப்பெரியாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த அயலவருக்கும், அண்ணாவின் கடையைப் பார்த்துக்கொண்ட நண்பர்களுக்கும், லீவு போட்டு வந்து நின்ற அந்தக் கோப்பை கழுவும் தம்பிக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

பெயர் தெரியாத மாணவப் பிள்ளைகளே, உங்களுக்கும் நன்றி. கத்தியைத் தொடுமுன் எங்கள் அப்பாவின் கையை ஒருதரம் பாருங்கள். கறையைக் கண்டு மரக்கறிக்காரர் என்பீர்கள். சொல்லுங்கள், பரவாயில்லை. யாராவது ஒரு பதில் சொன்னால்தான் அவர் வகுப்பைத் தொடங்குவார்.